13 தேர்தல், 7 தொகுதி: கலைஞரின் ஓட்டுக் கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாமா?

#1 கணக்குப்பிள்ளை

எல்லோருக்கும் வணக்கம். போன வாரம் வேறொரு இழையில் "கலைஞர் நின்ற சட்டமன்றத் தேர்தல் ஒன்றில்கூடத் தோற்றதில்லை" என்று ஒருவர் எழுதினார். "பாதுகாப்பான தொகுதியாப் பார்த்துத் தாவிக்கிட்டே இருந்தா எப்படித் தோப்பாரு" என்று அடுத்தவர் கேட்டார். அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும், இழையைப் பூட்டிவிட்டார்கள். அந்த நாற்பது பதிவிலும் ஒருவர்கூட ஓட்டு எண்ணிக்கையை எடுத்துப் பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

நான் எடுத்துப் பார்த்தேன். 1957 குளித்தலை, 1962 தஞ்சாவூர், 1967, 1971 சைதாப்பேட்டை, 1977, 1980 அண்ணாநகர், 1989, 1991 துறைமுகம், 1996, 2001, 2006 சேப்பாக்கம், 2011, 2016 திருவாரூர். ஒன்பது முறை சென்னையில், நான்கு முறை காவிரிப் பக்கம். 1984-ல் மட்டும் நிற்கவில்லை. 

என் கண்ணில் பட்டது இது. மூன்று முறை அவர் மயிரிழையில் தப்பித்திருக்கிறார்.

1962 தஞ்சாவூர்: 32,145, எதிரில் 30,217. வித்தியாசம் 1,928.
1980 அண்ணாநகர்: 51,290, எதிரில் 50,591. வித்தியாசம் 699.
1991 துறைமுகம்: 30,932, எதிரில் 30,042. வித்தியாசம் 890.

மூன்றிலும் கட்சி தோற்றது. ஆகவே என் கட்சி (அரசியல் கட்சி இல்லை, வாதக் கட்சி): இவருடைய தனிச் செல்வாக்கு என்று பேசுவதெல்லாம் கொஞ்சம் மிகை. அலை இருந்தால் பெரிய வித்தியாசம், அலை எதிராக அடித்தால் நூலிழை. மறுப்பவர்கள் எண்ணோடு வாருங்கள்.

#2 மாயனூர் ராசா

அண்ணே, எண்ணோட வரச் சொல்றீங்க, நான் தாத்தாவோட வர்றேன்.

எங்க தாத்தா 57-ல குளித்தலைத் தொகுதியில ஓட்டுப் போட்டவரு. அப்ப கரூர் மாவட்டம்லாம் கிடையாது, எங்க பக்கமெல்லாம் திருச்சி ஜில்லா. அந்த எலக்சன்ல சீட்டுல முத்திரை குத்துற வேலையே இல்லையாம். ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு பெட்டி, பெட்டிமேல சின்னம் ஒட்டியிருக்கும், மறைவுக்குள்ள போயி நமக்குப் பிடிச்ச பெட்டியில சீட்டைப் போட்டுட்டு வரணும். தாத்தா இதைச் சொல்லும்போது ரெண்டு சொம்பை எடுத்து வச்சு, வெத்தலையைக் கிள்ளி ஒன்னுல போட்டுக் காட்டுவாரு. எந்தச் சொம்புன்னு கேட்டா சிரிப்பாரு.

அப்ப தி.மு.க.வுக்கு அங்கீகாரம் கிடையாது, எல்லாரும் சுயேச்சைக் கணக்குதான். இவருக்கு 33 வயசுகூட முழுசா ஆகல. காங்கிரஸ் தர்மலிங்கத்தை 8,296 ஓட்டுல தோக்கடிச்சாரு. சட்டசபைக்குப் போயி பேசின முதல் பேச்சே எங்க பக்கத்து நங்கவரம் பண்ணை விவசாயிங்க பிரச்சினைதான். இன்னைக்கும் நங்கவரத்துப் பெருசுங்க அதைத்தான் முதல்ல சொல்லும். ஓட்டு வித்தியாசம் எவ்வளவுன்னு ஒருத்தருக்கும் தெரியாது.

#3 நுங்கம்பாக்கம் நாகு

தாத்தா கதை சூப்பர் ராசா. ஆனா தாத்தாவுக்கு அடுத்த எலக்சன்ல அவரு ஓட்டுக் கேட்டு வந்தாரா? வரல. குளித்தலைல ஜெயிச்சாரு, அடுத்து தஞ்சாவூர். தஞ்சாவூர்ல ஜெயிச்சாரு, அடுத்து சைதாப்பேட்டை. அப்புறம் அண்ணாநகர், ஆர்பர் (அதான் துறைமுகம்), சேப்பாக்கம். தொகுதியில உக்காந்து வேலை செஞ்சவன் எதுக்குய்யா வீடு மாத்துற மாதிரி தொகுதி மாத்தணும்? போன இழைல அதைச் சொன்னது நான்தான். இப்பவும் அதான் சொல்றேன்.

#4 கணக்குப்பிள்ளை

நாகு, நீங்கள்தான் என்று தெரியும்.

மற்றதை விடுங்கள், குளித்தலையிலிருந்து தஞ்சாவூர் போனதைப் 'பாதுகாப்பு' என்று சொல்ல முடியாது. தஞ்சாவூர் அப்போது காங்கிரஸ் கையில் இருந்த தொகுதி. உட்கார்ந்திருந்தவர் பரிசுத்த நாடார், ஊரில் பணமும் பெயரும் உள்ளவர். 57-ல் வென்ற 15 தி.மு.க. உறுப்பினர்களையும் 62-ல் திரும்ப வரவிடக் கூடாது என்று காமராஜர் ஒவ்வொரு தொகுதியாகக் குறி வைத்து வேலை பார்த்த தேர்தல் அது. அண்ணாவே காஞ்சிபுரத்தில் தோற்றார். கட்சிக்கு 50 இடம் கிடைத்தது, ஆனால் பழைய 15 பேரில் திரும்பி வந்தது இவர் ஒருவர்தான். பாதுகாப்பு தேடுகிறவன் சிங்கத்தின் குகைக்கா போவான்?

#5 வடவாற்றங்கரை

தஞ்சாவூர்க்காரன் என்ற முறையில் ஒரு தகவல், யாருக்குச் சாதகம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

1967-ல் அவர் சைதாப்பேட்டைக்குப் போய்விட்டார். மாநிலம் முழுக்க தி.மு.க. அலை. விருதுநகரில் காமராஜரே 1,285 ஓட்டில் தோற்றார். அந்த வருஷம் தஞ்சாவூரில் வென்றது யார் தெரியுமா? அதே பரிசுத்த நாடார், அதே காங்கிரஸ். அலையே எங்கள் ஊர்க் கோட்டைச் சுவரைத் தாண்டவில்லை.

#6 நுங்கம்பாக்கம் நாகு

கணக்கு சார், இதுக்கு என்ன சொல்றீங்க? 😀 தஞ்சாவூர்ல இன்னொரு வாட்டி நின்னிருந்தா 13 இல்ல, அன்னிக்கே கதை முடிஞ்சிருக்கும். மனுசன் மோப்பம் புடிச்சுக் கெளம்பிட்டாரு.

#7 கணக்குப்பிள்ளை

ஒப்புக்கொள்கிறேன், இது எனக்குத் தெரியாது. தஞ்சாவூரை விட்டது லாபமாகத்தான் முடிந்திருக்கிறது. ஆனால் அவரே நின்றிருந்தாலும் தோற்றிருப்பார் என்று அதிலிருந்து சொல்ல முடியாது. 62-ல் கட்சி பலவீனமாக இருந்தபோதே நாடாரை வென்றவர் ஆயிற்றே.

சைதாப்பேட்டைக்கு வேறொரு காரணமும் உண்டு. அதற்குள் கட்சியின் பொருளாளர் ஆகிவிட்டார், ஊர் ஊராகச் சுற்ற வேண்டியவர். தேர்தல் நிதி பத்து லட்சம் என்று அண்ணா இலக்கு வைக்க, இவர் பதினொன்றாகக் கொண்டுவந்து கொடுத்தார். விருகம்பாக்கம் மாநாட்டில் வேட்பாளர் பட்டியலைப் படித்துக்கொண்டே வந்த அண்ணா, சைதாப்பேட்டை வந்ததும் பெயரைச் சொல்லாமல் 'பதினோரு லட்சம்' என்று படித்தாராம். 53,401 வாங்கினார், 20,482 வித்தியாசம். 71-லும் அங்கேயே, முதலமைச்சராக, 12,511.

அங்கிருந்து அண்ணாநகர் போனதற்கு உங்கள் மோப்பக் கதை செல்லாது நாகு. தொகுதிகளை மறுசீரமைத்த பிறகு 77-ல் முளைத்த தொகுதி அண்ணாநகர். அவர் விட்டுவிட்டுப் போன சைதாப்பேட்டையிலும் 77-ல் தி.மு.க.தான் வென்றது. நின்றிருந்தால் அங்கேயும் வந்திருப்பார்.

#8 ஓய்வுபெற்ற வாத்தியார்

நண்பர்களுக்கு வணக்கம். வழக்கமாக நான் வாசிப்பதோடு சரி. 699 என்ற எண்ணைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது.

1980-ல் நான் இளம் ஆசிரியன். வாக்கு எண்ணும் பணிக்குப் போட்டார்கள். அண்ணாநகர் அல்ல, வேறு தொகுதி. ஆனால் எண்ணும் முறை எல்லா இடத்திலும் ஒன்றுதான். பெட்டியைக் கவிழ்த்தால் சீட்டுகள் சுருளும் மடிப்புமாக மேசையில் கொட்டும். ஒவ்வொன்றாக நிமிர்த்தி, சின்னம் வாரியாகப் பிரித்து, கட்டுப் போட வேண்டும். எதிரே கயிற்றுக்கு அந்தப் பக்கம் கட்சி முகவர்கள் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். நகம் படக்கூடாது, மை படக்கூடாது, நம் கையில் பேனா இருக்கக் கூடாது.

சண்டை எல்லாம் செல்லாத ஓட்டில்தான். முத்திரை இரண்டு சின்னத்துக்கும் நடுக்கோட்டில் விழுந்திருக்கும். அல்லது மை காயும் முன்பே மடித்துப் போட்டதால் எதிர்ப்பக்கச் சின்னத்திலும் ஒரு நிழல் ஒட்டியிருக்கும். எது அசல், எது ஒட்டியது என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்போம். முத்திரையின் அமைப்பு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதை வைத்துக் கண்டுபிடிக்கலாம், அதற்குக் கண் பழக வேண்டும். அப்படிச் சந்தேகச் சீட்டு என்று தேர்தல் அதிகாரி மேசைக்குப் போனவை எங்கள் கூடத்திலேயே ஒரு கூடை இருந்தது. ஒரு லட்சம் ஓட்டில் 699 என்றால் அந்தக் கூடத்தில் நின்றவர்களுக்கு வயிறு எப்படிக் கலங்கியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

இன்னொன்று. அந்த வருஷத்தின் விசித்திரத்தை இளைஞர்கள் அறிய வேண்டும். ஜனவரியில் நடந்த மக்களவைத் தேர்தலில் தி.மு.க., இந்திரா காங்கிரஸ் கூட்டணிக்கு 39-ல் 37. பிப்ரவரியில் எம்.ஜி.ஆர். ஆட்சி கலைப்பு. மே மாதம் சட்டமன்றத் தேர்தலில் அதே மக்கள் எம்.ஜி.ஆருக்கு 129 இடம் கொடுத்துத் திரும்ப உட்கார வைத்தார்கள். நான்கு மாதத்தில் நாடு இப்படிப் புரண்டது. அண்ணாநகரில் எதிரில் நின்ற டாக்டர் ஹண்டே தோற்ற பிறகும் சுகாதார அமைச்சர் ஆனார்.

#9 மாயனூர் ராசா

வாத்தியாரய்யா, நீங்க வாசிக்கிறதோட நிறுத்தக் கூடாது. எழுதுங்க.

#10 மண்ணடிக்காரன்

890-க்கு நான் சாட்சி.

எங்க அத்தாவுக்கு மண்ணடியில இரும்புக் கடை. 89-ல இங்க எலக்சன் கல்யாணக் களை. எதிர்ல முஸ்லிம் லீக் வேட்பாளர் வஹாப். நம்ம ஆளுங்க ஓட்டு யாருக்குன்னு தெருவுக்குத் தெரு பேச்சு. கடைசியில பாத்தா 41,632-க்கு 9,641. 31,991 வித்தியாசம். அத்தா கடையில அன்னிக்கு வந்தவங்க எல்லாருக்கும் டீ.

91 வேற மாதிரி. ராஜீவ் காந்தி மே 21 ஸ்ரீபெரும்புதூர்ல கொல்லப்பட்டதும் ஓட்டுப்பதிவு ஜூன் 15-க்குத் தள்ளிப் போச்சு. அந்த மூணு வாரம் கறுப்பு சிவப்புக் கரை வேட்டி கட்டிட்டு வெளியில வர்றவங்களே குறைஞ்சிட்டாங்க. கடை வாசல்ல கட்டியிருந்த தோரணத்தை அத்தாவே ராத்திரியில அவுத்து உள்ள வச்சாரு. எண்ணிக்கை அன்னிக்கு ரேடியோவைச் சுத்தி ஏழெட்டுப் பேரு. ஒவ்வொரு தொகுதியாச் சொல்லச் சொல்ல, 'அ.தி.மு.க., காங்கிரஸ், அ.தி.மு.க.'தான். 234-ல அந்தக் கூட்டணிக்கு 225. துறைமுகம் மட்டும் முன்ன பின்ன, முன்ன பின்னன்னு ஆடிட்டே இருந்துச்சு. 890-ல ஜெயிச்சாருன்னு வந்தப்ப ஒருத்தரும் கை தட்டல. பக்கத்துக் கடை மார்வாடி அண்ணன் எங்க அத்தாகிட்ட பந்தயத்துல தோத்திருந்தாரு, பணத்தைக் கொண்டாந்து மேசையில வச்சாரு. அத்தா வேணாம்னு திருப்பிக் குடுத்துட்டாரு.

அப்புறம் கட்சித் தோல்விக்குப் பொறுப்புன்னு சொல்லி அந்த எம்.எல்.ஏ. பதவியையும் ராஜினாமா பண்ணிட்டாரு. சபையில தி.மு.க.ன்னா எழும்பூர் பரிதி இளம்வழுதிதான். 'அபிமன்யு'ன்னு அவரைச் சொல்றது அதனாலதான்.

நாகு அண்ணே, பாதுகாப்பான தொகுதின்னு ஆர்பரைச் சொன்னீங்களே. 91-ல எங்க கடைக்கு வந்திருந்தா தெரிஞ்சிருக்கும் பாதுகாப்பு.

#11 அரசியல் அடிதடி

13 தடவை ஜெயிச்சு என்ன கிழிச்

[மட்டுறுத்துநரால் நீக்கப்பட்டது]

#12 மட்டுறுத்துநர்

முதல் பதிவிலேயே சொல்லியாகிவிட்டது. எண், வருஷம், அனுபவம், மூன்றில் ஏதாவது ஒன்றோடு வாருங்கள். வசவோடு வந்தால் இழையைப் பூட்ட மாட்டேன், ஆளைப் பூட்டுவேன்.

#13 குமுளிக்காரன்

எல்லைக்கு அந்தப் பக்கமும் ஒரு 13 இருக்கு, யாரும் சொல்லலியே. கே.எம்.மாணி. கோட்டயம் ஜில்லா, பாலா தொகுதி. 1965-ல ஆரம்பிச்சு 2016 வரைக்கும் 13 எலக்சன், 13 ஜெயம், தோல்வியே இல்ல. ஆனா எல்லாம் ஒரே தொகுதி. 65-ல ஜெயிச்ச சபை கூடவே இல்ல, யாருக்கும் மெஜாரிட்டி இல்லேன்னு கலைச்சிட்டாங்க. அதனால முதல் ஜெயத்துக்கு அவரு சபையில உக்காரவே முடியல. 1970-ல 364 ஓட்டுல தப்பிச்சாரு. உங்க 699-ஐ விடக் கம்மி.

பாலாவுல போயி கேட்டா 'மாணி சார்'னுதான் சொல்வாங்க. கல்யாணம், சாவு, பள்ளிப் பெருநாள் எதையும் விடமாட்டாரு. நிதி மந்திரியா பட்ஜெட்டும் 13. அந்த 13-வது பட்ஜெட்டைப் படிச்ச தேதி 2015 மார்ச் 13, அன்னிக்குக் கேரளச் சட்டசபையில நடந்த ரகளை டி.வி.யில பாத்தவங்களுக்கு மறக்காது. 2019-ல அவரு போனதுக்கப்புறம் நடந்த இடைத்தேர்தல்ல பாலா கை மாறிடுச்சு. முன்னாடி அவருகிட்டத் தோத்துக்கிட்டே இருந்த மாணி சி. காப்பன்தான் ஜெயிச்சாரு.

#14 நுங்கம்பாக்கம் நாகு

அப்படிப் போடு குமுளி! இதைத்தான் நான் சொல்றேன். ஒரே ஊர்ல அம்பது வருசம் மூஞ்சியக் காட்டி ஜெயிக்கிறது ஒரு ரகம். ஊர் ஊராப் போயி ஜெயிக்கிறது வேற ரகம்.

#15 கணக்குப்பிள்ளை

வேற ரகம்தான், சந்தேகமில்லை. ஆனால் எது கஷ்டம் என்பது திறந்த கேள்வி. தெரியாத ஊரில் போய் ஏழு முறை புதிதாக அறிமுகமாகி ஏழு முறையும் வெல்வது சுலபமா?

அதோடு, தமிழ்நாட்டில் தலைவர்கள் தொகுதி மாறுவது இவரோடு நின்ற வழக்கம் இல்லை. எம்.ஜி.ஆர். பரங்கிமலை, அருப்புக்கோட்டை, மதுரை மேற்கு, ஆண்டிபட்டி. ஜெயலலிதா போடி, பர்கூர், காங்கேயம், ஆண்டிபட்டி, ஸ்ரீரங்கம், ஆர்.கே.நகர். பர்கூரில் இரண்டாம் முறை நின்று 1996-ல் தோற்றும் போனார். இங்கே தலைவர் எந்தத் தொகுதியில் நின்றாலும் மக்கள் ஓட்டுப் போடுவது முதலமைச்சர் நாற்காலிக்கு. மாணிக்கு விழுந்தது பாலாக்காரருக்கு விழுந்த ஓட்டு.

#16 விகிதம்

ரொம்ப நாளாக இந்த மன்றத்தில் பார்க்காத நல்ல இழை. ஆனால் கணக்குப்பிள்ளை சார், உங்கள் பெயருக்குப் பொருந்தாத ஒரு தப்பு செய்துவிட்டீர்கள். வித்தியாசத்தை மட்டும் எழுதினீர்கள், அவர் வாங்கிய ஓட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

அண்ணாநகர் 1977: அவருக்கு 43,076. இரண்டாவது வந்த அ.தி.மு.க.வுக்கு 26,638. வித்தியாசம் 16,438.
அண்ணாநகர் 1980: அவருக்கு 51,290. ஹண்டேவுக்கு 50,591. வித்தியாசம் 699.

கவனித்தீர்களா? அவருக்கு விழுந்த ஓட்டு குறையவே இல்லை. 8,214 கூடியிருக்கிறது. 77-ல் தி.மு.க., அ.தி.மு.க., ஜனதா, காங்கிரஸ் என்று நாலு முனை. எதிர் ஓட்டு மூன்றாகச் சிதறியது. 80-ல் போட்டி கிட்டத்தட்ட நேருக்கு நேர், எதிர் ஓட்டு ஒரே ஆள் பெட்டியில் சேர்ந்தது. அவருடைய செல்வாக்கு சரிந்ததாக இந்த 699-ஐ வைத்துச் சொன்னால் கணக்கு உதைக்கும்.

துறைமுகம் பாருங்கள். 89-ல் அ.தி.மு.க. உடைந்து ஜெ அணி, ஜானகி அணி, அப்புறம் காங்கிரஸ், எல்லாம் தனித்தனி. 91-ல் எல்லாம் ஒன்று. இங்கே அவர் ஓட்டு நிஜமாகவே 10,700 இறங்கியது, அது ராஜீவ் அனுதாபம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் எதிரில் 9,641 என்று இருந்த இரண்டாமிடம் 30,042 ஆனதற்கு அனுதாபம் மட்டும் போதாது, கூட்டணியும் வேண்டும்.

சேப்பாக்கம் இன்னும் சுவாரசியம். 1996-ல் காங்கிரஸ் உடைந்து தமிழ் மாநில காங்கிரஸ் (த.மா.கா.) இவர் பக்கம் வந்தது. எதிரில் நின்றவர் நெல்லை கண்ணன். மேடையில் யாரையும் விடாத பேச்சாளர், பெட்டியில் 10,313. இவருக்கு 46,097. 2001-ல் த.மா.கா., காங்கிரஸ், பா.ம.க., இடதுசாரிகள் எல்லாம் ஜெயலலிதா பக்கம். இவருக்கு 29,836, காங்கிரஸ் தாமோதரனுக்கு 25,002. வித்தியாசம் 4,834 ஆகச் சுருங்கியது.

எனவே இந்த எண்கள் கலைஞரின் செல்வாக்கை அளப்பதை விட, எதிரே இருந்தவர்கள் அந்த வருஷம் எவ்வளவு ஒற்றுமையாக இருந்தார்கள் என்பதைத்தான் நன்றாக அளக்கின்றன.

கொசுறு: அவருடைய பெரிய வெற்றி எது என்று கேட்டால் எல்லோரும் 2016 திருவாரூர் என்பார்கள். 68,366, அந்த வருஷம் மாநிலத்திலேயே அதிகம். விகிதம் பார்த்தால் அங்கே 2.3 மடங்கு. சேப்பாக்கம் 96-ல் எதிராளியை விட 4.5 மடங்கு. தொகுதி சின்னது, அதனால் எண் சின்னதாகத் தெரிகிறது.

#17 கணக்குப்பிள்ளை

சார், காலில் விழுகிறேன். 77-ஐயும் 80-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. என் முதல் பதிவின் கடைசிப் பத்தியை வாபஸ் வாங்குகிறேன். அழிக்க மாட்டேன், கோடு போட்டு அடித்துவிடுகிறேன், வருபவர்கள் பார்க்கட்டும்.

இன்னொரு ஓட்டையும் நானே சொல்லிவிடுகிறேன். 77, 2011, 2016 மூன்றிலும் கட்சி தோற்றது, அவர் பெரிய வித்தியாசத்தில் வென்றார். என் 'அலை' வாதம் அங்கேயே உடைந்திருக்க வேண்டும். 2006-ல் நேர்மாறு. கட்சி ஆட்சிக்கு வந்தது, ஆனால் சேப்பாக்கத்தில் அ.தி.மு.க. ஆதரவோடு சுயேச்சையாக நின்ற தாவூத் மியாகானை 8,526 ஓட்டில்தான் வென்றார்.

#18 ஓய்வுபெற்ற வாத்தியார்

விகிதம் அவர்களுக்கு நூற்றுக்கு நூறு.

ஒரு சிறு திருத்தம், இந்த இழையில் யாரும் சொல்லவில்லை, ஆனால் சுவரொட்டிகளிலும் மேடைகளிலும் அடிக்கடி வருகிறது: 'அறுபது ஆண்டு தொடர்ந்து சட்டமன்ற உறுப்பினர்.' தொடர்ந்து அல்ல. 1983 ஆகஸ்டில் இலங்கைத் தமிழர் பிரச்சினைக்காக அவரும் பேராசிரியர் அன்பழகனும் பதவி விலகினார்கள். அடுத்து அவர் சட்டமன்ற உறுப்பினர் ஆனது 1989 ஜனவரியில். நடுவில் 1984 முதல் தமிழகச் சட்ட மேலவையில் இருந்தார். 1986 நவம்பரில் மேலவையையே எம்.ஜி.ஆர். அரசு ஒழித்துவிட்டது. பிறகு 91 முதல் 96 வரை வெளியே. 1976, 1980 கலைப்புக் காலங்களையும் கழித்தால் சட்டமன்ற உறுப்பினராக அவர் இருந்தது ஏறக்குறைய 48 வருடம். 48 என்பதே எவ்வளவு பெரிய எண்! எதற்காக அதை அறுபதாக நீட்ட வேண்டும் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

#19 மண்ணடிக்காரன்

வாத்தியார் சார் சொன்னது கரெக்ட். 96-ல திரும்பி வந்தப்ப எங்க தொகுதிக்கு வரல, சேப்பாக்கம் போயிட்டாரு. ஆர்பர்ல பேராசிரியர் நின்னாரு. அத்தாவுக்கு அதுல கொஞ்ச நாள் மனவருத்தம். "890-ல காப்பாத்தினது நாம, 35,000-ல கொண்டாடுறது அவங்களா"ன்னு.

#20 நுங்கம்பாக்கம் நாகு

பாய், உங்க அத்தா என் கட்சி. நான் சொன்னா எல்லாரும் அடிக்க வர்றாங்க, அவரு சொன்னா சிரிக்கிறாங்க. 😀

சரி, சீரியஸா கேக்குறேன். சேப்பாக்கத்தை விட்டு 2011-ல ஏன் திருவாரூர்? 87 வயசுக்குப் பக்கத்துல அவ்ளோ தூரம் போகணுமா?

#21 தெற்கு வீதி

நான் திருவாரூர். இதுக்கு நான் பதில் சொல்றேன்.

சேப்பாக்கம்ங்கற பழைய தொகுதியே மறுசீரமைப்புல போயிடுச்சு, சேப்பாக்கம்-திருவல்லிக்கேணின்னு சேத்துட்டாங்க. அதே மறுசீரமைப்புலதான் எங்க ஊரு பொதுத் தொகுதி ஆச்சு. அதுக்கு முன்னாடி ரொம்ப காலம் தனித் தொகுதி. இவரு பொறந்தது திருக்குவளை, படிச்சது எங்க ஊரு, ஆனா நிக்கணும்னாலும் இங்க நின்னிருக்க முடியாது. கதவு தொறந்ததும் வந்தாரு, அவ்வளவுதான். ஊர்ல ஒருத்தரும் 'ஏன் வந்தீங்க'ன்னு கேக்கல. கமலாலயக் குளத்தைச் சுத்தி ஓடின பையன் திரும்பி வந்துருக்கான்னுதான் பெருசுங்க பேசினாங்க.

2011-ல 1,09,014. எதிரில் 58,765. ஆனா கட்சிக்கு மொத்தமே 23 சீட்டு, எதிர்க்கட்சித் தலைவர் நாற்காலிகூட விஜயகாந்துக்குப் போச்சு. சபையில சக்கர நாற்காலியோட உக்கார வசதியா இடம் கேட்டாரு, அது சரியா அமையல. வருவாரு, பதிவேட்டுல கையெழுத்துப் போடுவாரு, போயிடுவாரு. எங்க எம்.எல்.ஏ. சபையில பேசலியேன்னு எங்களுக்கு ஒரு குறை இருந்தது உண்மைதான். அதை இப்பவும் சொல்லுவேன். ஆனா 2016-லயும் 1,21,473 போட்டோம்.

2018 ஆகஸ்ட் 7-ல அவரு போனப்ப எங்க தொகுதி எம்.எல்.ஏ.வாத்தான் போனாரு. நவம்பர்ல கஜா புயல். எங்க வீட்டு ஓடு பாதி பறந்துருச்சு, தார்ப்பாய் கட்டித்தான் பொங்கல் வச்சோம். அந்த நேரத்துல ஜனவரி 28 இடைத்தேர்தல்னு அறிவிச்சாங்க. நிவாரணக் கணக்கு எடுக்க வந்த ஆளுங்களே தேர்தல் வேலைக்கும் போகணும்ங்கற நிலைமை. சனங்க கத்தின கத்துல ரத்து பண்ணிட்டாங்க.

கடைசியா ஏப்ரல் 18-ல நாடாளுமன்றத் தேர்தலோட சேத்து வச்சாங்க. பூத்துல ரெண்டு மிஷின். எம்.பி. மிஷின்ல கூட்டணிக்குக் கம்யூனிஸ்ட் நின்னதால கதிர் அரிவாள். எம்.எல்.ஏ. மிஷின்ல உதயசூரியன். எங்க அம்மாவுக்கு முன்னாடி நின்ன ஆயா ஒன்னு, எம்.எல்.ஏ. மிஷின்கிட்ட விரலை வச்சுட்டு அமுக்காம நிக்குது. வெளிய வந்ததும் "ஏன் ஆயா அவ்வளவு நேரம்"னு அம்மா கேட்டாங்களாம். "சூரியன் இருக்கு, பக்கத்துல வேற மூஞ்சில்ல இருக்கு"ன்னுச்சாம்.

#22 நுங்கம்பாக்கம் நாகு

ஆயா அமுக்குச்சா இல்லியா?

#23 தெற்கு வீதி

அமுக்காமலா பூண்டி கலைவாணன் ஜெயிச்சாரு.